ஆளில்லாச் சிறு வானூர்தி எவ்வாறு பறக்கிறது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'ட்ரோன்' எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியைப் பற்றி எளிய முறையில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். திருமணங்களில் அது படம் எடுப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இப்பொழுது வயல்களின்மேல் மருந்து தெளிக்கவும் வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்து வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அதன் உள்ளே இருப்பது மந்திரம் அன்று. பள்ளியில் நாம் படித்த பாடமே.

காவிரியில் பரிசல் செல்வதை நினைத்துப் பாருங்கள். துடுப்பு நீரைப் பின்னே தள்ளுகிறது. பரிசல் முன்னே நகர்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. வானூர்தியின் விசிறிகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. கருவி மேலே எழுகிறது.

பரிசலில் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் அது தன்னைத்தானே சுற்றும். விசிறிக்கும் இத்தொல்லை உண்டு. விசிறி ஒரு திசையில் சுழன்றால், அதைத் தாங்கும் உடல் எதிர்த்திசையில் சுற்ற முயலும். ஆகவேதான் நான்கு விசிறிகளில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்கின்றன. ஒன்றின் முறுக்கை மற்றொன்று சமன் செய்கிறது.

நான்கும் விரைந்தால் கருவி எழும், தளர்ந்தால் இறங்கும். பின்னிரண்டு விரைந்து முன்னிரண்டு தளர்ந்தால், முன்புறம் சாய்ந்து முன்னே செல்லும். எதிரெதிர் மூலைகளில் உள்ள ஓர் இணை விரைந்து மற்ற இணை தளர்ந்தால், நின்ற இடத்திலேயே முகம் திரும்பும். விசிறிகளின் வேகத்தை மாற்றுவதொன்றே இதன் முழு வித்தை.

இக்கருத்து புதியதன்று. 1924-இல் பிரான்சு நாட்டில் ஏட்டியன் ஓமிஷன் என்பவர் பல விசிறிகள் கொண்ட ஊர்தியில் ஒரு கிலோமீட்டர் சுற்று பறந்து காட்டினார். ஆயினும் அத்தனை விசிறிகளையும் ஒருசேர அடக்கி ஆள்வது மனிதக் கைக்கு அரிதாக இருந்தது. அக்குறையைப் பிற்காலத்துச் சிறு கணிப்பொறி தீர்த்தது. தலையில் நீர்க்குடம் சுமந்து வரும் நம் தாய்மார்கள் குடத்தைப் பார்ப்பதில்லை. அது சாயுமுன்பே கழுத்து அதைச் சரிசெய்கிறது. அதைப் போலவே, சாய்வை உணரும் நுண்கருவிகள் நொடிக்குப் பல நூறு முறை செய்தி தர, கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்துகிறது. காற்றழுத்தமானி உயரத்தைச் சொல்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் குறிப்பைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தை அது அறிகிறது. லித்தியம் மின்கலம் ஆற்றல் தருகிறது. பெரும்பாலான சிறு கருவிகள் அரை மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2021-இல் மைய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறு வகை. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் உள்ளதால், அதன் சுற்றுவட்டாரத்தில் வரைபடம் பாராமல் எவரும் பறக்கவிடலாகாது.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். என் தந்தையார் பிறர் வயல்களில் மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமந்தவர். மாலையில் வீடு திரும்பினால் அவர் சட்டையிலிருந்து மருந்து நெடி போகாது. எரியும் கண்களோடுதான் உறங்குவார். அந்தச் சுமையை இந்தக் கருவி இறக்கி வைக்கும் என்றால் என்னைவிட மகிழ்பவர் எவர்? ஆனால் சுமை இறங்கும்போது அன்றாடக் கூலியும் இறங்கிவிடும் என்பதை மறவாதீர்கள். தெளிப்பான் முதுகை விட்டு நீங்கட்டும். கட்டுப்பாட்டுக் கருவி நம் கைக்கு வரவேண்டாமா?

அதற்கான வாயில் அடைபட்டிருக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது நிறைவு, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி, இவை இருந்தால் ஓட்டுநர் சான்றிதழ் பெறலாம். சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. வளாகத்தைச் சேர்ந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்‌ஷா மாணவர் குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அதே வளாகம் நம் பிள்ளைகளும் மதிப்பெண் பெற்று நுழையக்கூடிய அரசுப் பல்கலைக்கழகத்தின் வளாகமே.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டவும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டி ஓட்டவும் நம் பக்கத்து மக்கள் அருகிருந்து பார்த்தே கற்றார்கள். இத்தொழிலுக்கு அது மட்டும் போதாது, ஏடும் வேண்டும். மருந்து தெளிக்கும் கருவியின் விலை இலட்சங்களில் இருப்பதால், ஒரு குடும்பம் தனித்து வாங்குதல் எளிதன்று. ஆகவே கழகத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாலைப் பள்ளியில் ஒரு நானோ கருவியை வாங்கி வைத்து, அதைப் பிரித்துப் பூட்டிப் பாடம் நடத்துங்கள். ஆண்டுதோறும் ஓர் இளைஞரையும் ஒரு பெண்ணையும் கழகச் செலவில் பயிற்சிக்கு அனுப்புங்கள். கற்றவர் திரும்பி வந்து மற்றவருக்குக் கற்பிக்கட்டும்.

பொன் விழா மலரில் இக்கருவியைப் பற்றி எழுதுபவர் அதை ஓட்டுபவராகவே இருக்கட்டும் என்று கூறி விடைபெறுகிறேன்.