டூத் பிரஷ்ஷோட கோர்ட்டுக்குப் போன வாத்தியார்கள்

போன மாசக் காணொளியைப் பார்த்துட்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஆடியோ அனுப்பியிருந்தார். நாலு நிமிஷம். அதுல மூணு நிமிஷம் எனக்கு ழகரம் சரியா வரலைன்னு திட்டு. மிச்சம் ஒரு நிமிஷத்துல ஒரு கேள்வி. “ஏம்ப்பா, அமெரிக்காவுல ஆசிரியர் சங்கத்துக்குள்ளேயே இனச் சமத்துவத்துக்குன்னு தனிப் பிரிவு வெச்சிருக்காங்களாமே? சங்கம்னா சம்பளம், இன்க்ரிமென்ட், டிரான்ஸ்ஃபர், பென்ஷன். கறுப்பு வெள்ளை விவகாரமெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?”

சார், ழகரத்தைத் திருத்திக்கறேன். கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, அந்த ஊர்ல சம்பளமே கறுப்பு வெள்ளை விவகாரமாத்தான் இருந்துச்சு. பென்ஷனும்தான்.

முன்கதையை வேகமா ஓட்டிடறேன். 1857ல பிலடெல்ஃபியாவுல ஆரம்பிச்ச அமைப்புதான் பின்னாடி என்.இ.ஏ., அதாவது தேசியக் கல்விச் சங்கம்னு ஆச்சு. இன்னைக்கு அமெரிக்காவுலேயே பெரிய தொழிற்சங்கம் அது. தென் மாநிலங்கள்ல கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. வாத்தியார்களும் அப்படியே. அதனால சங்கமும் ரெண்டு. மாநில வெள்ளைச் சங்கங்கள் கதவைச் சாத்தினதால, 1904ல ஜே.ஆர்.இ. லீங்கிறவர் முன்னின்று கறுப்பின ஆசிரியர்களுக்குத் தனியா ஒரு தேசியச் சங்கம் கட்டினார். 1937ல அதுக்கு அமெரிக்க ஆசிரியர் சங்கம்னு பேர் மாறுச்சு. சுருக்கமா ஏ.டி.ஏ. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வரும்.

இப்போ சம்பளம். வர்ஜீனியா மாநிலம், நார்ஃபோக் நகரம். மெல்வின் ஆல்ஸ்டன்னு ஒரு கறுப்பின உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், அவருக்கு வருஷச் சம்பளம் 921 டாலர். அதே தகுதி, அதே அனுபவம் உள்ள வெள்ளை ஆசிரியருக்கு 1,200. யாரும் ஒளிச்சு மறைச்சுப் பண்ணலை, சம்பள அட்டவணையிலேயே ரெண்டு பத்தி போட்டு எழுதியே வெச்சிருந்தாங்க. ஆல்ஸ்டனுக்கு முன்னாடியே, 1939ல, அலைன் பிளாக்னு ஒரு வேதியியல் டீச்சர் இதை எதிர்த்து வழக்குப் போட்டாங்க. பதிலுக்கு நிர்வாகம் என்ன பண்ணுச்சு? அடுத்த வருஷத்துக்கு அந்தம்மாவோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. வேலையில இல்லாதவங்க சம்பள வழக்கு நடத்த முடியாதே, அதோட முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. பிள்ளைங்க சும்மா விடலை. பள்ளி நிர்வாகக் குழுவை ஹிட்லரோடயும் முசோலினியோடயும் சேர்த்து எழுதின அட்டைகளைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போனாங்க. அப்புறம் வழக்குல ஆல்ஸ்டன் பேரைப் போட்டு நடத்தினாங்க. அவர் உள்ளூர் கறுப்பின ஆசிரியர் சங்கத்தோட தலைவர். வக்கீல்கள்ல ஒருத்தர் தர்குட் மார்ஷல், பின்னாடி உச்ச நீதிமன்றத்துல உட்கார்ந்த முதல் கறுப்பின நீதிபதி. 1940ல ஜெயிச்சாங்க.

அது சம்பளக் கோரிக்கையா, சமத்துவக் கோரிக்கையா? பிரிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்.

அடுத்து 1954. பிரவுன் வழக்கு, பள்ளியில இனப் பிரிவினை செல்லாதுன்னு தீர்ப்பு. நம்ம பாடப் புத்தகப் பாணியில இத்தோட சுபம் போட்டுடுவோம். பிள்ளைங்க ஒண்ணாப் படிக்க ஆரம்பிச்சாங்க, வானத்துல வானவில். வாத்தியார்கள் என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்கறதில்லை.

அந்த வழக்கு பிறந்த ஊர் கான்சாஸ் மாநிலத்து டொபீகா. தீர்ப்பு வர்றதுக்கு 14 மாசம் முன்னாடி, 1953 மார்ச்லேயே, அந்த ஊர்க் கல்வி அதிகாரி கறுப்பின டீச்சர் ஒருத்தங்களுக்கு ஒரு கடிதம் எழுதறார். பிரிவினை செல்லாதுன்னு நீதிமன்றம் சொல்லிட்டா, வெள்ளைக் குழந்தைகளுக்குக் கறுப்பின ஆசிரியரை வைக்க ஊர்ல பெரும்பான்மை ஜனங்க விரும்பமாட்டாங்கன்னு நிர்வாகம் எடுத்துக்கும், அதனால அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை கிடைக்கிறது சந்தேகம். இதுதான் சாரம். மிரட்டல் தொனியே கிடையாது, ரொம்ப மரியாதையான கடிதம். அதைப் படிச்சப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

நடந்ததும் அப்படித்தான். ரெண்டு பள்ளியை ஒண்ணாக்கும்போது மூடினது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியைத்தான். பிள்ளைங்களை பஸ் ஏத்தி வெள்ளைப் பள்ளிக்கு அனுப்பினாங்க, வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. மிசௌரியில மோபர்லின்னு ஒரு சின்ன ஊர், அங்கே இருந்த 11 கறுப்பின ஆசிரியர்களுக்கும் வேலை போச்சு. வழக்குப் போட்டாங்க, தோத்தாங்க. மொத்தத்துல 1954லேருந்து 1965 வரைக்கும் 17 மாநிலங்கள்ல சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தாங்கங்கிறது பரவலாச் சொல்லப்படற கணக்கு.

அப்போ அந்தப் பெரிய சங்கம், என்.இ.ஏ., என்ன பண்ணிட்டிருந்துச்சு? தொண்டையைச் செருமிட்டிருந்துச்சு. தென் மாநில வெள்ளைக் கிளைகள் கோவிச்சுக்கிட்டுப் போயிடுமேங்கிற பயம். அதைவிடச் சின்னதா இருந்த போட்டிச் சங்கம், ஏ.எஃப்.டி., உறுப்பினர் போனாப் போகட்டும்னு பிரிவினைக் கிளைகளை வெளியேத்துச்சு. ஆனா தெற்குல அவங்களுக்கு ஆளே குறைவு, இழக்கிறதுக்கும் பெருசா ஒண்ணுமில்லைன்னு ஒரு வாதம் உண்டு. இருக்கலாம். நஷ்டம் சின்னதுன்னாலும் பட்டது அவங்கதானே.

கொஞ்சம் வழி மாறிப் போறேன், மன்னிச்சுக்கங்க. செப்டிமா கிளார்க்கைச் சொல்லாம என்னால தாண்ட முடியாது. தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன். 40 வருஷ அனுபவம் உள்ள டீச்சர். 1956ல அந்த மாநிலம் ஒரு சட்டம் போடுது: அரசு ஊழியர் யாரும் என்.ஏ.ஏ.சி.பி.ங்கிற கறுப்பின உரிமை அமைப்புல உறுப்பினரா இருக்கக் கூடாது. வேலை விண்ணப்பத்துலேயே கேள்வி: நீ உறுப்பினரா? சொல்லாம விட்டிருக்கலாம். அந்தம்மா ஆமான்னு எழுதினாங்க. வேலை போச்சு, பென்ஷனும் போச்சு. சக கறுப்பின ஆசிரியர்களுக்கு, வாங்க சேர்ந்து எதிர்ப்போம்னு 700க்கும் மேல கடிதம் எழுதினாங்க. பதில் போட்டவங்க 26 பேர்.

இந்த 26ஐ வெச்சு அந்த வாத்தியார்களைக் கோழைன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. அந்த ஊர்ல டாக்டர், வக்கீல், சவ அடக்கம் பண்றவர், முடிதிருத்தறவர் எல்லாருக்கும் வருமானம் கறுப்பின ஜனங்ககிட்டேருந்தே வந்துச்சு. வாத்தியாருக்கு மட்டும்தான் சம்பளச் செக்குல கையெழுத்துப் போடறது வெள்ளை நிர்வாகம். அவங்க வீட்டு அடுப்பு யாரோட கையெழுத்துல எரிஞ்சுதுன்னு பார்த்துட்டுத்தான் நாம அவங்க துணிச்சலை அளக்கணும்.

அதனாலதான் அலபாமா மாநிலத்துச் செல்மா ஊர்ல நடந்தது எனக்குப் பெரிய விஷயம்.

செல்மான்னா எல்லாருக்கும் பாலம் ஞாபகம் வரும், 1965 மார்ச் 7, வாக்குரிமை ஊர்வலத்து மேல போலீஸ் அடி. அதுக்கு ஆறு வாரம் முன்னாடி போங்க. ஜனவரி 22, வெள்ளிக்கிழமை, சாயங்காலம். பள்ளி விட்டாச்சு. கோட், டை, தொப்பி, கையுறைன்னு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற மாதிரி உடுத்திக்கிட்டு நூத்துச் சொச்சம் கறுப்பின ஆசிரியர்கள் ரெண்டு ரெண்டு பேரா வரிசையில நிக்கறாங்க. முன்னாடி எஃப்.டி. ரீஸ். அறிவியல் வாத்தியார், பாதிரியார், செல்மா ஆசிரியர் சங்கத்தோட தலைவர். வாக்குரிமைக்காகப் போராடின உள்ளூர் அமைப்புக்கும் அவர்தான் தலைவர். மார்ட்டின் லூதர் கிங்கை அந்த ஊருக்கு அழைச்சவங்கள்ல ஒருத்தர்.

எங்கே போறாங்க? கோர்ட் கட்டடத்துக்கு, வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்க. அந்தக் கவுன்டியில ஓட்டுப் போடற வயசுல இருந்த கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர், பதிவானவங்க சில நூறு பேர்தான். அலுவலகம் மாசத்துல ரெண்டே நாள் திறக்கும். போனா எழுத்தறிவுத் தேர்வு வைப்பாங்க. கொஞ்சம் நிதானிச்சு யோசிங்க. ஊர்ல பாதிப் பேருக்கு எழுத்தறிவிச்ச டீச்சர், பட்டம் வாங்கினவங்க. அவங்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு. அதுலயும் ஃபெயில்.

கையில என்ன வெச்சிருந்தாங்க தெரியுமா? டூத் பிரஷ். கைதாகி ராத்திரி ஜெயில்ல தங்கினா காலையில பல் விளக்கணுமே. அதைத் தூக்கிக் காட்டிக்கிட்டே நடந்தாங்க. கொடி கிடையாது, பேனர் கிடையாது. நான் ரொம்ப வருஷமாப் போராட்ட வரலாறு படிக்கிறேன், இவ்வளவு வாத்தியார்த்தனமான ஒரு போராட்டச் சின்னத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

கோர்ட் படிக்கட்டு மேல கல்வி அதிகாரியும் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவரும் நிக்கறாங்க. அதாவது முதலாளிகளே. அலுவலகம் திறக்கலை, திரும்பிப் போங்கன்னு சொல்றாங்க. இவங்க நகரலை. ஷெரிஃப் ஜிம் கிளார்க் தன் ஆட்களோட வந்து தடியால குத்திப் படியிலேருந்து கீழே தள்றார். மறுபடி ஏறறாங்க. மறுபடி தள்றார். ஒருத்தரைக்கூடக் கைது பண்ணலை. ஏன்? என் யூகம் இதுதான்: நூறு டீச்சரை உள்ளே போட்டா திங்கட்கிழமை ஊர்ல உள்ள கறுப்பினப் பிள்ளைங்க மொத்தப் பேரும் தெருவுல நிப்பாங்க.

கடைசியில வரிசை கலையாம திரும்பி பிரவுன் சேப்பல் தேவாலயத்துக்கு வந்தாங்க. அங்கே காத்திருந்தது அவங்க மாணவர்கள். பல பேர் ஏற்கெனவே ஜெயிலுக்குப் போய் வந்த பிள்ளைங்க, வாத்தியார் எப்ப வருவார்னு பார்த்துட்டிருந்தவங்க. டீச்சர் உள்ளே நுழைஞ்சதும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. வகுப்புல மரியாதைக்கு எழுந்திருக்கிறது வேற, அன்னைக்கு எழுந்தது வேற. வாத்தியாரே போயிட்டார்னதும் ஊர்ல மத்தவங்களுக்குச் சாக்கு இல்லாமப் போச்சு. சவ அடக்கத் தொழில் பண்றவங்க ஒரு ஊர்வலம், அழகு நிலையம் நடத்தற பெண்கள் ஒரு ஊர்வலம். ஆகஸ்ட்ல வாக்குரிமைச் சட்டம் வந்துச்சு.

கவனிச்சீங்களா, இதைத் தேசியத் தலைமை யாரும் உத்தரவு போட்டு நடத்தலை. ஒரு உள்ளூர்ச் சங்கத்தோட தலைவர், மறுநாள் வேலை இருக்குமான்னு தெரியாத ஒருத்தர், நடத்தினார்.

மேலே நடந்த வேலை வேற ரகம். சாமுவேல் எத்ரிட்ஜ்னு இன்னொரு அலபாமாக்காரர், மொபைல் நகரத்துல வாத்தியாரா இருந்தவர், என்.இ.ஏ. தலைமை அலுவலகத்துல வேலைக்குச் சேர்ந்து பின்னாடி அங்கே மனித உரிமைப் பிரிவை நடத்தினார். எங்கெங்கே யார் யார் வேலையிலேருந்து தூக்கப்பட்டாங்கன்னு விவரம் சேகரிக்கறது, வழக்குச் செலவுக்குச் சங்க நிதியைத் திறக்க வைக்கறது, இணைப்புப் பேச்சுவார்த்தையில உட்கார்றது. இதுல படம் பிடிக்க ஒண்ணுமில்லை, ஃபைலும் ஃபோனும்தான். 1966 ஜூலைக்குள்ள இனக் கட்டுப்பாட்டை எடுத்துடணும்னு 1964ல கிளைகளுக்குச் சங்கம் கெடு வெச்சுச்சு. 1966ல மியாமி பீச் மாநாட்டுல ஏ.டி.ஏ.வும் என்.இ.ஏ.வும் ஒண்ணாச்சு. சில மாநிலங்கள்ல கிளைகள் இணைய இன்னும் பத்து வருஷம் இழுத்துச்சு.

எல்லாரும் கைதட்டற அந்த இணைப்புல எனக்கு ஒரு நெருடல் உண்டு. பள்ளிகளை இணைச்சப்போ கறுப்பினப் பள்ளிதான் மூடுச்சு. சங்கங்களை இணைச்சப்போ? மறைஞ்சது ஏ.டி.ஏ.ங்கிற பேர். அந்தப் பேரோட, அந்தச் சங்கத்துல 62 வருஷமா நடந்த மாநாடுகள், தேர்தல்கள், கறுப்பின டீச்சர்கள் தாங்களே தலைவரா இருந்து பழகின மேடைகள், அதெல்லாமும் சேர்ந்து கரைஞ்சுது. இந்த நஷ்டத்தை முன்கூட்டியே உணர்ந்தவங்க ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை போட்டாங்க: நாங்க வருஷா வருஷம் நடத்தற விருது விருந்தை நீங்க தொடர்ந்து நடத்தணும். அது இன்னமும் மனித உரிமை விருதுன்னு நடக்குது. சார் கேட்டாரே, தனிப் பிரிவு எதுக்குன்னு, அதோட வேர் இங்கே இருக்கு. பெரிய சங்கம் பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததில்லை. சின்னச் சங்கம் தன்னைக் கரைச்சுக்கிட்டு எழுதி வாங்கினது.

செப்டிமா கிளார்க்குக்கு 1976ல பென்ஷனைத் திருப்பிக் கொடுத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் அந்தம்மா சார்ல்ஸ்டன் பள்ளி நிர்வாகக் குழுவுக்கே தேர்தல்ல ஜெயிச்சு உறுப்பினரா வந்துட்டாங்க.

இன்னொருத்தரையும் சொல்லிட்டு விடைபெறறேன். எலிசபெத் கூன்ட்ஸ். 1938ல வட கரோலினாவுல புதுசா வேலைக்குச் சேர்ந்த டீச்சர். ஆசிரியைகள் கட்டாயமா ஒரு விடுதியில தங்கணும், அதுக்கு அநியாய வாடகை. இது நியாயமான்னு மத்த டீச்சர்களையும் சேர்த்துக்கிட்டுக் கேட்டாங்க, 1940ல வேலையிலேருந்து தூக்கிட்டாங்க. இணைப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு, 1968ல, என்.இ.ஏ.வோட முதல் கறுப்பினத் தலைவரா வந்தது அவங்கதான். சார், அந்தம்மாவுக்கு முதல் வேலை போனது ஒரு ரூம் வாடகைக்காக. அதை உங்க பட்டியல்ல எந்தப் பக்கம் எழுதறதுன்னு அடுத்த ஆடியோவுல சொல்லுங்க. ழகரம் இந்தத் தடவை பரவாயில்லைதானே?