நமது வளவை நாமே திருத்துவோம்

(சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோயில் வீதியிலே உழவாரப் பணி என்றால் நமது வாலிபர் மண்வெட்டியும் கடகமுமாக வந்து நிற்பர். புல்லைச் செதுக்குவர், குப்பையைக் கூட்டி அள்ளுவர், நந்தவனத்துக்கு நீர் இறைப்பர். திருநாவுக்கரசு நாயனார் திருக்கரத்தில் ஏந்திய உழவாரப்படையும் புல் செதுக்கும் கருவிதானே? அதைப் பிடிப்பது இழிவென்று நம்முள் எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், கோயில் வீதியிலே மண்வெட்டி பிடித்த அதே கை, சொந்த வளவுக்குள் வந்ததும் சோர்ந்துவிடுகின்றது. "கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை" என்ற பேச்சே வீடுதோறும் கேட்கின்றது. ஒன்றில் வளவு பற்றைக் காடாகின்றது. அல்லது முற்றம் முழுவதும் சீமெந்து பூசப்படுகின்றது. இவ்விரண்டும் நமக்கு வேண்டா. நமது வளவை நாமே, நமது கையாலேயே, மிகுந்த செலவின்றித் திருத்தலாம். அது எவ்வாறு என்பதே எனது பேச்சு.

யாழ்ப்பாணத்தவருக்கு வளவு என்பது வீட்டைச் சூழ்ந்த வெறும் நிலமன்று. முற்றமும் கோடியும் கிணற்றடியும் வேலியும் சேர்ந்ததே வளவு. கறிக்கு முருங்கை, பூசைக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும், தடிமனுக்குத் தூதுவளை, ஆட்டுக்குக் குழை, அடுப்புக்குக் காவோலையும் பன்னாடையும் யாவும் அங்கிருந்தே வந்தன. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றவர்களிற் பலருக்கு வீட்டைக் காணக் கிடைக்கவில்லை, காடுதான் கிடந்தது. கிணற்றையும், தப்பி நின்ற மரத்தையும் கொண்டே "இது எங்கள் வளவு" என்று அடையாளங் கண்டனர். கூரையும் சுவரும் போனபின்னரும் வளவு ஒரு குடும்பத்தின் பெயரைக் காத்து நின்றது.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகின்றேன். 2022ஆம் ஆண்டில் நாடு பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, அரச ஊழியர் தத்தம் வீட்டிலே பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அரசாங்கம் அவ்வாண்டு ஆனி மாதத்தில் முடிவு செய்தது. நல்ல எண்ணமே. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை நட்ட முருங்கை மறு வெள்ளிக்கிழமை காய்ப்பதில்லை. பஞ்ச காலத்தில் வளவு உதவ வேண்டுமாயின், பஞ்சமில்லாத காலத்திலேயே அது திருந்தியிருத்தல் வேண்டும்.

இனி, எங்கே தொடங்குவது? பூச்சட்டி வாங்குவதிலே தொடங்குவோர் பலர். நான் சொல்வது வேறு. நமது வளவின் செல்வம் இரண்டு: ஒன்று, மேலிருந்து விழும் மழை, மற்றது, மரத்திலிருந்து விழும் குழை. இவை இரண்டையும் படலைக்கு வெளியே போகவிடாமற் காப்பதே வளவு திருத்தும் வேலையில் முக்காற் பங்கு.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நிலத்தின் கீழே வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல் இருக்கின்றது. மழைநீர் அதனுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். குடாநாடு முழுவதற்கும் அது ஒரு பாடம். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலாரின் கணக்கு. கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மோட்டரைப் போட்டு மேலே ஓரடியைக் குறைத்தால், காலப்போக்கிற் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறிவிடக்கூடும். கிணறு உவராகிவிட்டது என்று கவலைப்படும் வீட்டார், தமது வளவில் விழும் மழையை எங்கே அனுப்புகின்றனர் என்று முதலிற் பார்த்தல் நன்று.

ஒரு பரப்புக் காணியில் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் 6,400 லீற்றர். நமது பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கின்றது. அதாவது, பரப்பொன்றுக்கு மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல்! அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். முற்றம் முழுவதும் சீமெந்து பூசியவர் இந்த நீரை ஒழுங்கைக்கு அனுப்பி, பின் பங்குனி வெயிலில் பவுசரை எதிர்பார்த்து நிற்கின்றார். ஆகவே, நடக்க வேண்டிய வழிக்கு மாத்திரம் கல் பதியுங்கள். மற்ற இடத்தை மண்ணாக விடுங்கள். வளவின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வரம்பு கட்டுங்கள். கூரைநீர் விழும் பக்கத்திலே, கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு குழி தோண்டி அடியிற் பெருங்கல்லும், நடுவிற் சிறுகல்லும், மேலே மணலும் இடுங்கள். ஆண்டின் முதல் மழை கூரை அழுக்கைக் கழுவிப் போகட்டும். அதற்குப் பின் வரும் நீரைக் குழிக்குள் விடுங்கள். தெரு வெள்ளத்தை அக்குழிக்குள் விடவே கூடாது. கக்கூசுக் குழிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் அருகிலும் அக்குழி அமையக் கூடாது. சுண்ணக்கல் வெடிப்பு நீரை வடித்துக் கொடுக்காது. வந்த அழுக்கை வந்தபடியே கிணற்றில் சேர்த்துவிடும்.

இவ்விடத்தில் வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. கதியாலை அரக்கியதால் வந்த வழக்குகள் நமது ஊர்களிற் கொஞ்சமா? 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையிலும் எல்லையோரத்து மரங்களைப் பற்றிய விதிகள் உள்ளன. நிலத்தின்மேல் எல்லையை அவ்வளவு உறுதியாகக் காத்தோம். ஆனால் அன்பர்காள், நிலத்தின் கீழே வேலியில்லை. நான் அளவுக்கு மிஞ்சிக் கொட்டும் யூரியா அயலவன் கிணற்றிலே நைத்திரேற்றாகப் போய்ச் சேர்கின்றது. செறிவாகப் பயிர் செய்யும் நமது தோட்டப் பகுதிகளில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நைத்திரேற்று அளவைத் தாண்டிய கிணறுகள் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளன. அந்நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் இரத்தத்துக்குத் தீங்கு செய்யும். அடுத்த வீட்டுப் பிள்ளையை நினைத்தேனும் வீட்டு வளவுக்கு எருவும் குழையுமே போதும் என்று தீர்மானிப்போமாக.

எருவுக்கு எங்கே போவது? அதற்குத்தான் இரண்டாவது செல்வமாகிய குழை இருக்கின்றது. காலையிலே முற்றம் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அது எருவை எரித்துப் புகையாக்கும் வேலை. நமது தோட்டக்காரர் பூவரசங்குழையையும் காவிளாயையும் மண்ணிலே தாழ்த்தி, கல் நிறைந்த கலட்டியையும் பயன்படு நிலமாக்கினர். வளவிலும் அதையே செய்யலாம். மரத்தைச் சுற்றி, அடியிலிருந்து சற்று விலக்கி, ஒரு முழ ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிக் குழையை நெருக்கி வைத்து மண்ணால் மூடுங்கள். அடுக்களைக் கழிவையும் சருகையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமற் காத்து, இடையிடையே புரட்டிவிட்டால், மூன்று நான்கு மாதத்தில் நல்ல கூட்டெரு கிடைக்கும். பொலித்தீனும் கண்ணாடியும் அதிற் சேரக் கூடாது.

குழை வேண்டுமானால் உயிர்வேலி வேண்டும். மதில் கட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் மதில் துளிர்ப்பதில்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றினால் அவையே வேர்விடும். முள்முருக்கும் சீமைக்கிளுவையும் காற்றிலுள்ள நைதரசனை வேரிலே சேர்க்கும் இனங்கள். மதில் உள்ள வீட்டாரும் அதன் உட்புறத்தே ஒரு வரிசை நடலாம்.

இவற்றுக்கெல்லாம் முன், பற்றை வெட்டும் வேலை ஒன்றுண்டு. அதில் இரண்டு எச்சரிக்கைகள். வெள்ளைச் சிறுபூப் பூக்கும் பார்த்தீனியம் 1980களின் பிற்பகுதியில் நமது மண்ணிற் புகுந்து பரவிய களை. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்தும். பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், வேரோடு பிடுங்க வேண்டும். கையுறையும் மூக்குக்குத் துணியும் அவசியம். தோலிற் சொறியும் மூச்சிழுப்பும் தரக்கூடியது. பூத்த செடியைக் கூட்டெருக் குழியிற் போடவே கூடாது. மற்ற எச்சரிக்கை இதனிலும் பெரிது. நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்த காணியில் அறிமுகமில்லாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள். அடையாளம் வைத்து விலகி நின்று, உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள்.

அடுத்தது நடுகை. வலிகாமத்துச் செம்மண்ணும், வடமராட்சிக் கரையோர மணலும், தீவகத்து மண்ணும் ஒன்றல்ல. அயல் வளவிலே எது செழிக்கின்றது என்று பார்த்து நடுவதே புத்தி. கிணற்றடி வாய்க்காலோரம் வாழைக்கு. சவர்க்கார நீர் போகும் இடத்திற் கீரைப் பாத்தி வேண்டாம். பொன்னாங்காணிக்கும் வல்லாரைக்கும் நல்ல நீர் சிந்தும் ஈரநிழல் போதும். முருங்கைக் கொப்பு காற்றுக்கு முறியும். அதனை வீட்டுக் கூரைக்கு அப்பால் ஊன்றுங்கள். கறுத்தக்கொழும்பான் மாங்கன்று வைப்போர் அடுத்த மரத்துக்கு முப்பதடி இடைவெளி விடுங்கள். இன்று முழ உயரக் கன்று, நாளை ஊரே நிழலுக்கு ஒதுங்கும் மரம். தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி தோண்டி, பொச்சுமட்டையைக் குழிவுப்புறம் மேலே பார்க்க அடுக்கினால், அது கோடையில் ஈரம் காத்துக் கொடுக்கும். சிறுவர்க்கு ஒரு பனம்பாத்தி போட்டுக் கொடுங்கள். ஆவணி, புரட்டாதியில் அவர்கள் பொறுக்கிப் புதைத்த விதை, தைப்பொங்கலுக்குப் பின் கிழங்காக வெளிவரும்போது, மண்மீது ஆசை தானே பிறக்கும். இவற்றை நட்டபின், வாரத்தில் ஒருநாள் சிரட்டை, ரயர், சட்டி யாவற்றிலும் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு பெருகி வெளிவர ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடிய காலமே போதும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வளவிலே எந்த மூலையில் வெள்ளம் நிற்கும், எந்த இடத்திற் கல் மேலே கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அலவாங்கைப் பிடிக்க உடல் இடங்கொடாவிட்டாலும், நாற்காலியைப் போட்டிருந்து பிள்ளைகளுக்கு வழி காட்டுங்கள். வாலிபருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, முதிய தாய் தந்தையர் தனித்திருக்கும் வீடுகள் நமது ஊரில் உள்ளன. பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உள்ளன. அவ்வளவுகளின் மழையும் நமது கிணறுகளுக்கே வருகின்றது. உரியவரிடம் அனுமதி பெற்று அங்கும் கை கொடுப்பது சங்கத்தின் பணியே.

இறுதியாக ஒரு யோசனையைச் சபை முன் வைக்கின்றேன். புரட்டாதி மாதத்து நான்கு ஞாயிறுகளை இதற்கு ஒதுக்குவோம். முதல் ஞாயிறு பற்றை வெட்டு; இரண்டாம் ஞாயிறு வரம்பும் நீர்க்குழியும்; மூன்றாம் ஞாயிறு கதியாலும் எருக்குழியும்; நான்காம் ஞாயிறு நடுகைக் குழிகள். ஐப்பசி மழை விழுந்ததும் கன்றுகளை வைப்போம். பத்துப் பேராகச் சேர்ந்து முறை வைத்து வளவு வளவாகச் சென்றால் கூலியும் இல்லை, சலிப்பும் இல்லை. நான்கு மண்வெட்டி, இரண்டு அலவாங்கு, ஆறு கடகம் ஆகியவற்றைச் சங்கத்துக்கென வாங்கிப் பொதுவில் வைத்தால் எல்லா வீட்டுக்கும் உதவும். ஐயந் தோன்றுமிடத்து நமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்போம்.

முதல் மழை நாளில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. குடையைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்று பாருங்கள். உங்கள் வளவிலிருந்து நீர் ஒழுங்கைக்கு ஓடுகின்றதா, உள்ளே நிற்கின்றதா? ஓடினால் அங்கே இன்னும் ஒரு கடகம் மண் போடுங்கள். நின்றால், அந்த நீரிலே உங்கள் அயலவனும் ஒரு பங்கு குடிப்பான் என்று மகிழுங்கள்.