டீசலுக்குள் தண்ணீர்

 

பாண்டிருப்பில் இருந்து மேற்கே வயல் பக்கம் பழைய மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப் ஒன்று போனால் பார்க்கவே தேவையில்லை. சத்தமே சொல்லிவிடும்.

"அந்தக் காலத்து ஜீப்தான் ஜீப். இப்ப வாறதெல்லாம் தொட்டாச்சிணுங்கி" என்பார்கள். பாதி உண்மை.

பழைய எஞ்சினுக்கு டீசல் அனுப்புவது வெறும் இரும்புப் பம்ப். கம்ப்யூட்டர் இல்லை. பெற்றரி இறங்கினாலும் நாலு பேர் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். 1990களின் கடைசியில் வரத் தொடங்கிய 'காமன் ரெயில்' எஞ்சின் வேறு ரகம். பழையதைவிடப் பல மடங்கு அழுத்தம். டீசல் பாயும் துளையோ மயிரிழை மாதிரி. அதனால்தான் குறைந்த டீசலில் நல்ல இழுவை. அதனால்தான் தண்ணீரும் தூசியும் அதற்கு ஆகாது.

குப்பி விளக்கை நினையுங்கள். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தால் திரி படபடக்கும். துடைத்து மாற்றினால் சரி. பழைய ஜீப்பும் அப்படித்தான். இருமும், புகைக்கும், பெரும்பாலும் வீடு வந்து சேரும். புதியதில் இன்ஜெக்டரே போய்விடலாம். மெக்கானிக் பாஸ் விலையைச் சொல்ல, இருமல் நமக்கு வரும்.

புதிய வாகனக்காரர் கவனியுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் பெரும்பாலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். கீழே கண்ணாடிப் போத்தலைப் பிடித்து மெல்லத் திறவுங்கள். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

பழைய ஜீப்காரர் சிரிக்க வேண்டாம். கடலோர உப்புக்காற்று உங்கள் சேஸியைத்தான் தின்கிறது. இன்றைக்கே குனிந்து பாருங்கள்.