இரண்டு காதும் நான்கு திசையும்



போன வாரம் இந்த மையத்தில் ஓர் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளத்தில் ஒரு ஹெட்போன் வாங்க ஆசைப்படுகிறான். விலை 3,000 ரூபாய். கடையில் கொடுத்த விளம்பரத் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறான். அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். நான்கு பக்கமும் சத்தம் கேட்கும் என்று அதில் போட்டிருந்தது. 7.1 என்று ஓர் எண்ணும் இருந்தது.

அந்த அம்மா கேட்டார்: "தியேட்டர்ல சுத்திலும் ஸ்பீக்கர் வச்சிருக்காங்க. பின்னாடி ஸ்பீக்கர்ல வந்தா பின்னாடி கேக்குது. அது சரி. காதுல மாட்டுறதுல ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணுதானே இருக்கு? பின்னாடி சத்தம் எங்கேருந்து வரும்? இது நிஜமா, ஏமாத்தா?"

நல்ல கேள்வி. இன்று நாம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அந்த அம்மாவை நான் திருப்பிக் கேட்கிறேன். அம்மா, உங்களுக்கும் இரண்டு காதுதானே இருக்கிறது? முதுகில் காது இல்லையே! பின்னால் குழந்தை அழுதால், பின்னால்தான் அழுகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது? இதற்குப் பதில் தெரிந்தால், ஹெட்போன் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

கண்ணைக் கட்டி ஒரு விளையாட்டு

ஒருவர் நடுவில் வந்து உட்காருங்கள். கண்ணைத் துணியால் கட்டுவோம். மற்றவர்கள் சுற்றி நில்லுங்கள். நான் கை காட்டுகிறவர் மட்டும் ஒரு முறை கை தட்ட வேண்டும். நடுவில் இருப்பவர் சத்தம் வந்த பக்கம் விரலை நீட்ட வேண்டும்.

பாருங்கள். வலப்பக்கம் தட்டினால் வலப்பக்கம் காட்டுகிறார். இடப்பக்கம் தட்டினால் இடப்பக்கம் காட்டுகிறார். தவறே இல்லை. இப்போது ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தட்டுவோம். விரல் தடுமாறுகிறது, பாருங்கள்!

அதோ, அந்தப் பெரியவர் ஏதோ சொல்கிறார். "எனக்கு எப்பவுமே இப்படித்தான் தம்பி. எல்லாச் சத்தமும் வலப்பக்கமே கேக்குது. சின்ன வயசுல இடது காதுல சீழ் வடிஞ்சுது. யாரும் கவனிக்கல. அந்தக் காது போயிடுச்சு."

ஐயா, சொன்னதற்கு நன்றி. உங்களைப் பற்றிக் கடைசியில் பேசுவேன். இப்போது ஒன்று தெரிந்துகொண்டோம். சத்தம் கேட்க ஒரு காது போதும். சத்தம் வரும் திசையைச் சரியாக அறிய இரண்டு காதும் வேண்டும்.

முதல் ரகசியம்: நேரம்

ஒலி காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வலப்பக்கம் கை தட்டினால், சத்தம் முதலில் வலது காதுக்கு வரும். பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போகும். இடது காதுக்குச் சற்றுத் தாமதமாகப் போகும். தலை தடுப்பதால் சற்றுக் குறைவாகவும் கேட்கும்.

எவ்வளவு தாமதம்? ஒரு நொடியை 1,000 பங்கு போடுங்கள். அதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மூளை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. "முதலில் வலது காது, பிறகு இடது காது. அப்படியானால் சத்தம் வலப்பக்கம்" என்று கணக்குப் போட்டுவிடுகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். இரண்டு முனைகளையும் இரண்டு காதுகளின் வாயில் வையுங்கள். உள்ளே நுழைக்க வேண்டாம். பின்னால் இருக்கும் ஒருவர் பென்சிலால் குழாயை மெல்லத் தட்டட்டும். சரியாக நடுவில் தட்டினால் சத்தம் நடுவில் கேட்கும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளித் தட்டினால், சத்தம் இடப்பக்கம் நகரும்!

குழாய் அதேதான். தட்டும் சத்தமும் அதேதான். இடது காதுக்குப் போகிற வழி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். இந்த ரப்பர் குழாய் ஓர் எளிய ஹெட்போன். நேரத்தைச் சிறிது மாற்றினால் மூளையை நம்பவைக்கலாம் என்று இது காட்டுகிறது.

இரண்டாவது ரகசியம்: காது மடல்

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சத்தம் நேர் முன்னால் வந்தாலும் நேர் பின்னால் வந்தாலும், இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் போகும். பிறகு முன்னும் பின்னும் எப்படித் தெரிகிறது?

உங்கள் காது மடலைத் தொட்டுப் பாருங்கள். எத்தனை மேடு, எத்தனை பள்ளம்! கம்மல் போடுவதற்காக மட்டும் அது இல்லை. முன்னால் வரும் சத்தம் இந்த மேடு பள்ளங்களில் ஒரு விதமாக மோதி உள்ளே போகிறது. பின்னால் வரும் சத்தம் வேறு விதமாகப் போகிறது. மேலிருந்து வருவது இன்னொரு விதம். ஒவ்வொரு திசைக்கும் சத்தத்தின் சாயல் சிறிது மாறுகிறது. மூளை அந்தச் சாயலை நினைவில் வைத்திருக்கிறது.

ஒவ்வொருவர் காது மடலும் ஒரு மாதிரி. என் மூளைக்கு என் காதுதான் பழக்கம். 1998-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலருடைய காது மடலுக்குள் சிறிய அச்சுகளைப் பொருத்தி, அதன் வடிவத்தை மாற்றினார்கள். உடனே அவர்களுக்குச் சத்தம் மேலே வருகிறதா, கீழே வருகிறதா என்று தெரியாமல் போயிற்று. அச்சுகளோடேயே அவர்கள் நடமாடினார்கள். சில வாரங்களில் மூளை புதிய காதைக் கற்றுக்கொண்டது. அச்சை எடுத்த பிறகு, பழைய காதையும் அது மறக்கவில்லை. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். வயது வந்த பிறகும் மூளை கற்றுக்கொள்ளும் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை!

பொம்மைக்குக் காது வைத்தார்கள்

இந்த முயற்சி புதிதல்ல. 1881-இல் பாரிஸ் நகரில் ஒரு மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமான் ஆதேர் என்ற பொறியாளர், பாட்டு நாடகம் நடக்கும் மேடையில் பல மைக்குகளை வைத்தார். அவற்றிலிருந்து கண்காட்சிக்குக் கம்பி இழுத்தார். அங்கே ஆளுக்கு இரண்டு தொலைபேசிக் குழல்கள். காதுக்கு ஒன்று. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பாடுகிறவர் மேடையில் நடப்பது, கண்ணால் பார்க்காமலே தெரிந்தது.

1933-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் மனித உருவப் பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். அதன் பெயர் ஆஸ்கர். அதன் காதுப் பகுதியில் மைக்குகள். மக்கள் வெளியே ஹெட்போன் மாட்டிக் கேட்டார்கள். பொம்மையைச் சுற்றி எழும் சத்தம் தங்களைச் சுற்றியே எழுவதுபோல் இருந்தது.

இன்று கணினி அந்தப் பொம்மையின் வேலையைச் செய்கிறது. பின்னால் வரும் சத்தம் காதுக்கு எப்படி வரும் என்று கணக்கிட்டு, அதே மாதிரி மாற்றி ஹெட்போனுக்கு அனுப்புகிறது.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டே ஸ்பீக்கரால் நான்கு பக்கச் சத்தத்தை உண்டாக்க முடியும். அது பொய்யில்லை. ஆனால் எல்லோருக்கும், எப்போதும் ஒரே மாதிரி முடியாது.

எங்கே தவறுகிறது?

ஒன்று, கணக்குப் போட்டது யாருடைய காதுக்கோ. கேட்பது உங்கள் காது. சாயல் பொருந்தாவிட்டால், முன்னால் கேட்க வேண்டிய சத்தம் பின்னால் கேட்கும். அல்லது தலைக்குள்ளேயே கேட்கும்.

இரண்டு, நாம் தலையைத் திருப்புகிறோம். தியேட்டரில் தலையைத் திருப்பினாலும் ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹெட்போனிலோ, சத்தமும் தலையோடு சேர்ந்து திரும்பிவிடும். மூளை சந்தேகப்படும். இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். தலை திரும்புவதை அறியும் சிறு கருவியை உள்ளே வைத்து, சத்தத்தை இருந்த இடத்திலேயே நிறுத்துகிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் தன் இயர்போனில் இதைக் கொண்டுவந்தது. 2022-இல் போன் கேமராவால் காதைப் படம் பிடித்து, அவரவர் காதுக்கு ஏற்பக் கணக்கிடும் வசதியும் வந்தது. இவை விலை அதிகம்.

மூன்று, தியேட்டரில் இடி இடித்தால் நெஞ்சு அதிர்கிறது. ஹெட்போன் காதோடு சரி. நெஞ்சுக்கு வராது.

7.1 என்றால் என்ன? தியேட்டர் முறையில், சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர். அதோடு தடித்த சத்தத்துக்கு ஒன்று. ஹெட்போன் பெட்டியில் இந்த எண் இருந்தால், உள்ளே எட்டு ஸ்பீக்கர் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் காதுக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் கணக்குதான்.

எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். கேட்டுப் பார்த்து வாங்குங்கள். கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடிக் கேளுங்கள். முன்னால் உள்ள சத்தம் முன்னால் கேட்கிறதா, தலைக்குள் கேட்கிறதா? தலையைத் திருப்பினால் என்ன ஆகிறது? பொம்மைத் தலை முறையில் பதிவு செய்த ஒலியைச் சாதாரண இயர்போனிலும் கேட்கலாம். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். பிறகு 3,000 ரூபாயைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

காசைவிடப் பெரிய விஷயம்

அந்த அம்மா போகும்போது இன்னொன்றும் சொன்னார். மகன் வேலைக்குப் போகும் வழியில் ரயில் பாதை இருக்கிறதாம்.

நண்பர்களே, கண் முன்னால் மட்டும் பார்க்கும். காது நான்கு பக்கமும் பார்க்கும். பின்னால் வரும் லாரியை நமக்கு முதலில் சொல்வது காதுதான். ஹெட்போன் நல்லதாக இருந்தால் ஆபத்தும் அதிகம். வெளிச் சத்தத்தை அது நன்றாக அடைக்கும். இல்லாத இடத்தில் இல்லாத சத்தத்தை நம்பவைக்கும். பொய்யான நான்கு திசை காதில் இருக்கும்போது, உண்மையான நான்கு திசை மறைந்துபோகும். ஆகவே சாலையில், ரயில் பாதை அருகில், சைக்கிளில், வண்டியில் ஹெட்போன் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும்.

சத்தத்தையும் குறைத்து வைக்க வேண்டும். பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அதிகச் சத்தத்தால் உள்காதின் நுண்ணிய செல்கள் செத்துப்போகும். அவை மறுபடி முளைக்காது.

கடைசியாக, அந்தப் பெரியவருக்கு. ஐயா, ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு இந்த நான்கு பக்க ஒலி பயன்படாது. ஆனால் போனில் "மோனோ" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கச் சத்தமும் சேர்ந்து ஒரே காதில் கேட்கும். பாட்டில் பாதி போகாது. சாலையைக் கடக்கும்போது மட்டும் காதை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். ஒரு காதுதானே போயிற்று என்று விடாமல், மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

தாய்மார்களே, குழந்தையின் காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்ற வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்தக் குழந்தைக்கு நான்கு திசையும் வேண்டும். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.