காற்றின் வழியே கிணற்றுக்கு வந்த கேடு



கிணற்று நீர் கெட்டதென்றால் நாம் முதலில் நிலத்தையே ஐயுறுகிறோம். சாக்கடை எங்கே, சாயக்கழிவு எங்கே என்று தேடுகிறோம். காற்றினாலும் கிணறு கெடும் என்பதை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து நாட்டுப்புற மக்கள் துன்புற்று அறிந்தனர்.

அங்கே கேப் ஃபியர் ஆற்றங்கரையில் ஃபுளோரின் சேர்மங்களை ஆக்கும் ஆலை ஒன்று உண்டு. ஒட்டாப் பூச்சுள்ள வாணலிகளுக்கு உதவும் இனம் அது. கார்பனும் ஃபுளோரினும் கொண்ட பிணைப்பு எளிதில் அறுவதன்று. நீரைக் காய்ச்சினாலும் நஞ்சு நீங்காது. 2017-ஆம் ஆண்டில் 'ஜென்எக்ஸ்' என்னும் பொருள் ஆற்று நீரில் கலந்திருப்பது செய்தித்தாள் வாயிலாக வெளிப்பட்டது. பின்னர், ஆற்றின் அக்கரையிலுள்ள வீட்டுக் கிணறுகளிலும் அது தென்பட்டது. ஆற்று நீர் மேடேறி அங்கே சென்றிருக்க இயலுமா? புகைபோக்கியினின்று வெளிப்பட்டது காற்றோடு பரவி, மழையோடு இறங்கி, மண்ணூடே கசிந்து ஊற்றை அடைந்தது. 2018-இல் மழைநீரிலும் அது காணப்பட்டது. மறு ஆண்டு நீதிமன்ற உத்தரவு பிறந்தது. ஆலைக் காற்றை எரித்துத் தூய்மை செய்யும் உலை அவ்வாண்டின் இறுதியில் இயங்கலாயிற்று. காற்றை முன்னரே அளந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் அந்நீரைப் பருகியிரா.

அளப்பது எங்ஙனம்? ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கையும் கணக்கிட வேண்டியுள்ளது. மின்விசைப் பம்பினால் காற்றை இழுத்து, தூசியை வடிதாளிலும் ஆவியை நுரைப்பஞ்சிலும் பிசினிலும் பிடிப்பது ஒரு முறை. நாட்டுப்புறத்திற்கு ஏற்றது மற்றொன்று: இரு உலோகக் கிண்ணங்களைக் கவிழ்த்து இணைத்து, இடையே பிசின் ஊட்டிய நுரைப்பஞ்சு வட்டத்தை வைத்து, மூன்று திங்கள் தொங்கவிடுவது. மின்சாரம் வேண்டா. கனடா நாட்டு விஞ்ஞானிகள் 2004 முதல் உலகின் பல இடங்களில் இத்தகைய கருவிகளை வைத்துள்ளனர். அத்திங்கள்களின் சராசரியையே இது காட்டும். எந்த நாளில் புகை மிகுந்தது என்று சொல்லாது. ஆயினும் மலிவானது, காவல் வேண்டாதது. ஆகவே நாம் இதனையே விரும்புகிறோம்.

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். கருவியிலுள்ள டெஃப்லான் நாடாவே இப்பொருளைக் கசியவிடக் கூடும். ஆதலால் காற்றுப் படாத வெற்றுப் பஞ்சு ஒன்றையும் உடன் கொண்டுசென்று திரும்பக் கொணர்ந்து சோதிப்பர். இரண்டின் வேறுபாடே மெய்க்கணக்கு.

நிலைத்து நிற்கும் நஞ்சுகளைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை நம் நாடு 2006-இல் ஏற்றது. அதன் கண்காணிப்புத் திட்டத்திலும் காற்றுக்கு இடமுண்டு. இத்தகைய ஆலை உள்ள இடங்களில், காற்று வீசும் திசையிலுள்ள சிற்றூர்களில் பஞ்சைத் தொங்கவிட்டு, அதே ஊர்க் கிணற்று நீரையும் மழைநீரையும் உடன் எடுத்து ஆராய்தல் வேண்டும்.