கலர் பிரிண்டர் கதை

இன்னைக்கு ஒரு சர்ச் ஹிஸ்டரியில இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவின் எஃப்பிஐக்குள்ள ‘ஆட்டோமேட்டட் கேஸ் சப்போர்ட்’னு ஒரு சிஸ்டம் இருந்தது. விசாரணைக் கோப்புகள் எல்லாம் அதுலதான். 1997லிருந்து ஒரு அதிகாரி அதுக்குள்ள போய் அடிக்கடி தேடியிருக்கார். என்ன தேடினார்னு கேட்டா, தன்னோட பெயர். தன் வீட்டு முகவரி. அப்புறம் ‘டெட் டிராப்’, ‘கேஜிபி’ மாதிரி வார்த்தைகள். தன் மேல யாராவது விசாரணை ஆரம்பிச்சிருக்காங்களான்னு பார்க்கிறார். அத்தனை தேடலும் லாக்ல பதிவாகிட்டே இருந்தது. அந்த லாக்கைத் திறந்து பார்க்கிற வழக்கம்தான் அங்கே இல்ல.

அவர் ராபர்ட் ஹான்சென். 1976ல எஃப்பிஐல சேர்ந்தவர், 1979லேயே சோவியத் உளவுத்துறைக்கு ரகசியங்களை விற்க ஆரம்பிச்சிட்டார். நடுவுல சில வருஷம் நிறுத்துவார், மறுபடி ஆரம்பிப்பார். 2001 வரைக்கும் இப்படியே ஓடியது. பணம், வைரம், மாஸ்கோ பேங்க்ல போட்டு வெச்சிருக்கோம்னு ரஷ்யர்கள் சொன்ன தொகை எல்லாம் சேர்த்து 14 லட்சம் டாலருக்கு மேல. 1985ல அவர் கேஜிபிக்கு எழுதின கடிதத்துல, அமெரிக்காவுக்கு ரகசியமா உதவிக்கிட்டிருந்த 3 கேஜிபி அதிகாரிகளோட பெயர் இருந்தது. அதுல மார்ட்டினோவ், மோட்டோரின் ரெண்டு பேருக்கும் மரண தண்டனை. சிஐஏவுக்குள்ள இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸும் அதே ஆட்களைக் காட்டிக் கொடுத்திருந்தார்ங்கிறது வேற கதை.

நம்ம ஆபீஸ்ல செக்யூரிட்டின்னா ஃபயர்வால், விபிஎன், ஃபிஷிங் மெயிலைக் கிளிக் பண்ணாதேங்கிற டிரெய்னிங் வீடியோ. எல்லாமே வெளியில இருந்து வர்றவனுக்கு. ஹான்சென் விற்ற ரகசியங்கள்ல பெரும்பகுதிக்கு அவர் எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கல. ரஷ்ய உளவாளிகளைக் கவனிக்கிற பிரிவுகள்லதான் வேலை. அந்தக் கோப்புகளைப் படிக்கத்தான் அவருக்குச் சம்பளமே.

சரி, யாருக்கும் சந்தேகமே வரலையா? வந்தது. 1990ல அவரோட மச்சான் (அவரும் எஃப்பிஐதான்), வீட்டுல கத்தையா பணம் இருக்குன்னு கேள்விப்பட்டு தன் மேலதிகாரிகிட்ட சொன்னார். அது அதோட நின்னு போச்சு. சில வருஷம் கழிச்சு, சீனியர் ஒருத்தரோட கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து ரகசிய ஆவணத்தை எடுத்த ஹான்சென், அதை அவர்கிட்டயே கொண்டுபோய்க் காட்டினார். நம்ம சிஸ்டம் எவ்வளவு ஓட்டைன்னு நிரூபிக்கத்தான் செஞ்சேன்னார். நல்ல எண்ணத்துல செஞ்சிருக்கார்னு விட்டுட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்தது. ரிப்பேருக்கு வந்த ஐடி ஆட்கள் அவர் மெஷின்ல பாஸ்வேர்டு உடைக்கிற புரோகிராம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. ஹான்சென் சொன்ன காரணம்: “கலர் பிரிண்டர் கனெக்ட் பண்ண அட்மின் பாஸ்வேர்டு தேவைப்பட்டுச்சு.” ஐடி டீம்ல டிக்கெட் போட்டுட்டு மூணு நாள் காத்திருந்த எவனுக்கும் இந்தக் காரணம் நியாயமாத்தான் படும். அங்கேயும் பட்டது. எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. 25 வருஷ சர்வீஸ்ல அவருக்கு ஒரு தடவைகூட பாலிகிராஃப் டெஸ்ட் வைக்கல.

இதே காலத்துல எஃப்பிஐ தீவிரமா ஒரு ஒற்றனைத் தேடிக்கிட்டு இருந்தது. ஆனா அவன் சிஐஏ ஆள்தான்னு முடிவு கட்டிட்டாங்க. நம்ம ஆபீஸ்ல இருக்காதுன்னு ஒரு நம்பிக்கை. கைகாட்டினது பிரையன் கெல்லிங்கிற சிஐஏ அதிகாரியை.

கெல்லி வீட்டுல ஒரு வரைபடம் கிடைச்சது. அவர் ஜாகிங் போற பாதை. ரகசியப் பொட்டலம் வைக்கிற இடங்கள்னு எடுத்துக்கிட்டாங்க. பாலிகிராஃப் வெச்சாங்க, பாஸ் பண்ணினார். மெஷினையே ஏமாத்துறான்னாங்க. வெளிநாட்டு உச்சரிப்புல பேசுற ஒரு ஆளை வீட்டு வாசலுக்கு அனுப்பி, “மாட்டிக்கிட்டீங்க, தப்பிச்சு ஓடுங்க”ன்னு சொல்ல வெச்சாங்க. கெல்லி மறுநாளே போய் ஆபீஸ்ல புகார் கொடுத்தார். அதுக்கும் அர்த்தம் ரெடி: பயங்கர கில்லாடி. 1999ல கட்டாய விடுப்புல அனுப்பி, ஒன்றரை வருஷத்துக்கு மேல வீட்டுல உட்கார வெச்சாங்க. பிள்ளைங்ககிட்டயும் கூடப் பிறந்தவங்ககிட்டயும் போய், உங்க ஆள் ஒற்றன்னு சொன்னாங்க.

ஹான்சென் பாஸ்வேர்டு உடைச்சா பிரிண்டர், கெல்லி ஜாகிங் போனா உளவு. ‘இன்சைடர் த்ரெட்’ அறிகுறிகள்னு ஒரு ஸ்லைடு போடுவாங்களே, திடீர் பணம், வேலைக்குத் தேவையில்லாத ஆக்சஸ், நேரங்கெட்ட நேரத்துல லாகின்னு, அது தப்பில்ல. ஹான்சென் விஷயத்துல அந்த ஸ்லைடு சரியாத்தான் வேலை செஞ்சிருக்கும். அதை யார் மேல வெச்சுப் பார்க்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க, அதுதான் பிரச்சினை.

கடைசியில எஃப்பிஐ 70 லட்சம் டாலர் கொடுத்து, முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி ஒருத்தர்கிட்ட அந்த ஒற்றனோட ஃபைலையே வாங்கியது. ஹான்சென் தன் பெயரை ரஷ்யர்களுக்குச் சொன்னதே இல்ல, அதனால ஃபைல்ல பெயர் கிடையாது. ஆனா 1986ல பதிவான ஒரு போன் பேச்சு டேப்ல இருந்தது. கெல்லி குரலை எதிர்பார்த்துத்தான் போட்டாங்க. கேட்டது ஹான்சென் குரல். அவர் பொட்டலம் கட்டின குப்பைப் பையிலிருந்து கைரேகையும் எடுத்தாங்க.

அப்புறம் அவரை ஹெட் ஆபீசுக்கு மாத்தி, கம்ப்யூட்டர் செக்யூரிட்டியைப் பார்த்துக்கோங்கன்னு ஒரு டம்மி பதவி கொடுத்தாங்க. உதவிக்கு எரிக் ஓ’நீல், கிட்டத்தட்ட என் வயசு. ஒருநாள் ஹான்சென் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போயிருந்தப்ப, ஓ’நீல் அவர் பையிலிருந்த பாம் பைலட்டை எடுத்து காப்பி பண்ணக் கொடுத்தார். திரும்ப வைக்கும்போதுதான் எந்தப் பாக்கெட்ல இருந்து எடுத்தோம்னு மறந்து போச்சு. குத்துமதிப்பா ஒண்ணுல வெச்சுட்டு வந்து உட்கார்ந்தார். ஹான்சென் வந்து, என் ரூமுக்குள்ள போனியான்னு கேட்டார். நல்லவேளை, ஓ’நீல் சமாளிச்சுட்டார்.

2001 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. வர்ஜீனியாவுல ஃபாக்ஸ்டோன் பார்க்ல, ஒரு நடைபாலத்துக்கு அடியில பொட்டலத்தை வெச்சுட்டுத் திரும்பும்போது ஹான்செனைக் கைது பண்ணினாங்க. அவருக்கான 50,000 டாலர் வேறொரு பார்க்ல காத்துக்கிட்டிருந்தது. மரண தண்டனை வேண்டாம்ங்கிற ஒப்பந்தத்துல குற்றத்தை ஒத்துக்கிட்டார். ஆயுள் தண்டனை. 2023 ஜூன்ல ஜெயில்லயே இறந்தார். கெல்லிக்கு எஃப்பிஐல இருந்து ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தது. அவர் சிஐஏ வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த எபிசோடு ஆனா மொண்டெஸ். ஒரு பேப்பர்கூட ஆபீஸ்ல இருந்து வெளியே எடுக்காம, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து க்யூபாவுக்கு அனுப்பினவங்க. அதுக்கு எந்த லாக்கைப் பார்க்கிறதுன்னு யோசிச்சு வைங்க, பேசுவோம்.