விசாவும் விரைவுக் கட்டணமும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

சிப்காட்டில் வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு இப்போது இங்கிலாந்து, அமெரிக்கா, வளைகுடா என்று வாய்ப்பு வருகிறது. "விசா சீக்கிரம் வர என்ன வழி சார்?" என்று லிஃப்டில்கூடக் கேட்கிறார்கள். செயலாளர் அதைப் பற்றியே பேசச் சொன்னார்.

முதலில் என் வீட்டுக் கதை. இரண்டு வருடத்துக்கு முன் என் மகனுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. ஒரு ஏஜென்ட் 'எக்ஸ்பிரஸ் விசா' என்று 1,10,000 ரூபாய் கேட்டார். மருமகளின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தோம். அதில் விரைவுக் கட்டணமாகப் போனது 500 பவுண்டு, ஏறக்குறைய பாதி. மீதிக்கு ரசீது இல்லை.

அதோடு முடியவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கப் போகிறவர்கள், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்து சான்றிதழ் தர வேண்டும். ஏஜென்ட் அதைச் சொல்லவில்லை. 5 வேலை நாள் என்றது ஆறு வாரமானது. சேர வேண்டிய தேதி தாண்டியும் கம்பெனி காத்திருந்தது, எங்கள் நல்ல நேரம். 33 வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது கொடுத்தவன், ரசீது கேட்காமல் பணம் கொடுத்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

வங்கியில் அந்தக் காலத்தில் டி.டி. என்ற தந்திப் பணமாற்றம் இருந்தது. கூடுதல் கட்டணம் கட்டினால் பணம் சீக்கிரம் போகும். ஆனால் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் எதுவும் போகாது. விசாவும் அப்படித்தான். விரைவுக் கட்டணம் கட்டினால் ஃபைலைச் சீக்கிரம் எடுத்துப் பார்ப்பார்கள். விசா கொடுப்பதும் மறுப்பதும் காகிதத்தைப் பொறுத்தது.

இங்கிலாந்துக்கு 'பிரையாரிட்டி' 500 பவுண்டு, 5 வேலை நாள். 'சூப்பர் பிரையாரிட்டி' 1,000 பவுண்டு, அடுத்த வேலை நாள். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது.

அமெரிக்காவின் எச்-1பி மனுவுக்கு 'பிரீமியம் பிராசஸிங்' உண்டு. 2024 பிப்ரவரியில் இதை 2,805 டாலராக உயர்த்தினார்கள். தொகை அவ்வப்போது மாறும். 15 வேலை நாளில் பதில் வரும். அந்தப் பதில் "இன்னும் ஆவணம் அனுப்பு" என்றும் இருக்கலாம். அப்போது நாங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்த பிறகு நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். கெடுவுக்குள் ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை என்றால்தான் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். தூதரக நேர்காணல் தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மரணம், அவசர சிகிச்சை போன்ற காரணத்துக்கு முன்கூட்டியே தேதி கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. "நான் ஸ்லாட் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் ஏமாறாதீர்கள்.

பாஸ்போர்ட்டே இல்லாதவர்களுக்குத் தட்கல் இருக்கிறது. 36 பக்கத்துக்கு வழக்கமான 1,500 ரூபாயோடு கூடுதலாக 2,000 ரூபாய், அவ்வளவுதான்.

வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்.

கடைசியாக மூன்று விஷயம். கட்டணத்தை அரசின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். காகிதம் முழுதாகச் சேர்ந்த பிறகு விரைவுக் கட்டணம் கட்டுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மாலையில் காகிதங்களோடு என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.